மார்ச் 24: ஒரே தேதியில மூணு பேர்

இந்த எபிசோடுக்கு ஒரு தேதிதான் தலைப்பு. மார்ச் 24.

'இசை வரலாற்றில் இன்று'ன்னு போன்ல தேடினா வரிசையா பேர் வரும். இவர் பிறந்தார், அவர் மறைந்தார், இந்தப் படம் ரிலீஸ். படிச்சுட்டு அடுத்ததுக்குத் தள்ளிடுவோம். மார்ச் 24-ல மட்டும் கொஞ்சம் நின்னு பாருங்க. நம்ம ஆளுங்க மூணு பேர் இருக்காங்க. ரெண்டு பேர் டெல்டாக்காரங்க. ஒருத்தர் மதுரை. ஆனா அவர் கதைக்குள்ளயும் ஒரு காவிரிக்கரை ஊர் வருது.

முதல் ஆள் திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர். மும்மூர்த்திகளில் ஒருவர். 'பாப்புலர் மியூசிக்ல இவர் எங்க வந்தார்'னு கேட்பீங்க. இளைஞரா இருந்தப்போ குடும்பத்தோட சென்னை பக்கத்துல மணலியில இருந்தார். கோட்டையில வெள்ளைக்காரன் பேண்டு வாசிச்ச மெட்டுகள் காதுல விழுந்தது. அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்துல சாகித்யம் எழுதினார். நோட்டு ஸ்வரம்னு சொல்றது அதைத்தான். பிரிட்டிஷ் தேசிய கீதத்தோட மெட்டுலயே அம்பாள் மேல ஒரு பாட்டு இருக்கு. அவர் தம்பி பாலுசுவாமி, வெள்ளைக்காரங்க வாசிச்ச வயலினைக் கத்துக்கிட்டு நம்ம கச்சேரிக்குள்ள கொண்டுவந்தார். அந்தக் காலத்து ரீமிக்ஸ்னு வெச்சுக்கோங்களேன்.

தீட்சிதர் பிறந்தது மன்மத வருஷம், பங்குனி மாசம், கிருத்திகை நட்சத்திரம். மரபா வர்ற குறிப்பு இதுதான். இங்கிலீஷ் தேதி பின்னால கணக்குப் போட்டு வந்தது. அதனாலதான் வருஷத்தை சிலர் 1775-ன்னும், சிலர் 1776-ன்னும் எழுதுறாங்க. டெல்டாவுல நல்லது கெட்டது எல்லாமே நட்சத்திரம், திதிதான். இங்க எல்லாருக்கும் மனப்பாடமா இருக்கிற இங்கிலீஷ் தேதி ஜூன் 12. மேட்டூர் திறக்கிற நாள்.

ரெண்டாவது ஆள் டி.எம்.சௌந்தரராஜன். 1922 மார்ச் 24, மதுரை. அவர் சினிமாவுக்குள்ள வந்ததே இன்னொருத்தர் பாணியில பாடித்தான். அந்த இன்னொருத்தர் மாயவரத்துல பிறந்த எம்.கே.தியாகராஜ பாகவதர். டி.எம்.எஸ்.ஸோட முதல் படம் 'கிருஷ்ண விஜயம்'. பாட்டுப் பதிவு 1946-ல, படம் வந்தது 1950-ல. அந்த 1946-ல பாகவதர் எங்க இருந்தார்? லட்சுமிகாந்தன் கொலை வழக்குல ஜெயில்ல. 1947-லதான் விடுதலை. ஒரு குரல் சிறைக்குள்ள இருக்கு, அதே பாணியில இன்னொரு குரல் வெளியில பாடிக்கிட்டு இருக்கு. 1954-ல 'தூக்குத் தூக்கி' வந்தப்போ டி.எம்.எஸ். தன் சொந்தக் குரலோட சிவாஜிக்குள்ள போய் உட்கார்ந்தாச்சு.

மூணாவது ஆள் சீர்காழி கோவிந்தராஜன். 1933 ஜனவரியில சீர்காழியில பிறந்தவர். 1988 மார்ச் 24-ல காலமானார். வயசு 55. அன்னிக்கு டி.எம்.எஸ்.ஸுக்கு 66 வயசு நிறையுற நாள். ரெண்டு பேரும் சேர்ந்து பாடினவங்க. 'கர்ணன்' படத்துல கர்ணனோட சபையில புலவர்கள் பாடுற இடம் ஞாபகம் இருக்கா? டி.எம்.எஸ்., சீர்காழி, திருச்சி லோகநாதன், பி.பி.ஸ்ரீநிவாஸ் நாலு பேரும் அதுல இருக்காங்க. 'ராமு' படத்துல ரெண்டு பேரும் ஜோடியா பாடினாங்க. 'தெய்வம்' படத்துல திருச்செந்தூர் பாட்டு. இப்படிப் பாடினவருக்கு, 1988-க்கு அப்புறம் தன் பிறந்தநாள் கூட்டாளியோட நினைவு நாளாவும் ஆகிப்போச்சு.

இதுவரைக்கும் தேதி ஒத்துப்போனது வெறும் தற்செயல். இனிமே சொல்லப்போறது தற்செயல் இல்லை.

சீர்காழி சென்னைக்குப் போய்க் கத்துக்கிட்ட குரு, புல்லாங்குழல் வித்வான் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை. திருப்பாம்புரம், மயிலாடுதுறையிலேர்ந்து திருவாரூர் போற வழியில பேரளத்துக்குக் கிட்ட இருக்கு. சுவாமிநாத பிள்ளையோட அப்பா நடராஜசுந்தரம் பிள்ளை, நாகஸ்வர வித்வான். அவர் பாடம் பண்ணினது தீட்சிதர் சிஷ்ய பரம்பரையில வந்த சாத்தனூர் பஞ்சநத ஐயர்கிட்ட. கத்துக்கிட்டதைப் பூட்டி வைக்கலை. 1936-ல தீட்சிதர் கீர்த்தனைகளை சுரக்குறிப்போட புத்தகமாவே போட்டார்.

இப்போ கோடு போட்டுப் பாருங்க. தீட்சிதர், அவர் சிஷ்யர்கள், சாத்தனூர், திருப்பாம்புரம் அப்பா, திருப்பாம்புரம் பிள்ளை, சீர்காழி. கர்ணன் அம்பு பட்டுக் கிடக்கிறப்போ கிருஷ்ணனா வர்ற என்.டி.ஆருக்கு ஒலிக்கிற வெண்கலக் குரல் இருக்கே, அதுக்குப் பின்னாடி திருவாரூரும் இருக்கு.

'இன்று' பட்டியல்ல முதல் ஆளும் கடைசி ஆளும்தான் வருவாங்க. நடுவுல இருக்கிற நாகஸ்வரக்காரருக்கு அதுல தேதி கிடையாது. ஆனா அவர் கை மாத்தித் தரலைன்னா இந்தப் பாட்டுல பாதி நம்மகிட்ட வந்தே சேர்ந்திருக்காது. எனக்கு உறுத்துறது இதுதான்.

இது பழங்கதையும் இல்லை. எங்க ஊர்ல ரேடியோ செட் வாடகைக்கு விடுற மாமா ஒருத்தர் இருந்தார். கோயில் திருவிழான்னா விடிகாலையில குழாய்ல முதல்ல சீர்காழியோட பிள்ளையார் பாட்டு, அப்புறம் டி.எம்.எஸ்.ஸோட முருகன் பாட்டு. ஒவ்வொரு கேசட் மேலயும் பேனாவுல பாடகர் பேரு, படம், பாட்டு எழுதினவர்னு குறிச்சு வெச்சிருப்பார். அவர் பையன் காலத்துல எல்லாம் பென் டிரைவுக்கு மாறிச்சு. பாட்டு அப்படியே இருக்கு. பேருக்குப் பதிலா 'டிராக் 01', 'டிராக் 02'. கேசட் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிடுச்சு. யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணலை. இடம் அடைக்குதுன்னு போட்டாங்க, அவ்வளவுதான்.

அதனால ஒரு சின்ன வேண்டுகோள். உங்க வீட்டுலயோ தெருவுலயோ நாகஸ்வரம், தவில், பேண்டு வாசிச்சவங்க, ரேடியோ செட் வெச்சிருந்தவங்க யாராவது இருந்தா, ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "உங்களுக்கு யாருங்க சொல்லிக்கொடுத்தாங்க?" பதிலை போன்ல பதிவு பண்ணுங்க. ஃபைலுக்கு அவங்க பேரையும் ஊரையும் தேதியையும் போட்டு வைங்க. 'டிராக் 01'னு விட்டுடாதீங்க.