சும்மா ஒரு சாயங்காலம் வெளியே போயிட்டு வருவோம்!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். மீதி இருக்கிற நேரத்தில் பிள்ளை வளர்ப்பு பற்றி ஏதாவது பேசுங்கள் என்று ஊக்குநர்கள் கேட்டார்கள். நான் பேசப்போவது மருந்து, தடுப்பூசி பற்றி இல்லை. சாயங்காலம் வெளியே போவதைப் பற்றி.

முதலில் ஒரு கேள்வி. போன மாதத்தில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் பிள்ளையும் சேர்ந்து, எந்தக் காரியமும் இல்லாமல் சும்மா வெளியே போய் வந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். மூன்று கைதான் தெரியுது! ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம். ரேஷன் கடைக்கு, வங்கிக்கு, கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, துக்க வீட்டுக்குப் போயிருப்போம். அதெல்லாம் காரியம். சும்மா போனோமா என்று கேட்டால் சிரிக்கிறோம்.

ஏன் போகவில்லை என்று குழுக்களில் கேட்டால் மூன்று பதில்தான் வரும். "நேரம் எங்க இருக்கு?" "காசு யார் குடுப்பா?" "விளக்கு வைக்கிற நேரத்துல வெளிய கிளம்பினா மாமியார் என்ன சொல்லுவாங்க?" மூன்றுமே நியாயமான பதில்தான். வேலை முடித்து வந்து, தண்ணீர் பிடித்து, உலை வைத்து, பாத்திரம் கழுவுகிற நமக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? அழாமல் இருக்கட்டும் என்று கையில் செல்போனைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறோம்.

குழந்தையின் மூளை வளர்ச்சியில் பெரும்பகுதி 6 வயதுக்குள் நடந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டி.வி., செல்போன் காட்டவே கூடாது. 2 வயதிலிருந்து 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. 3, 4 வயதுக் குழந்தை ஒரு நாளில் 3 மணி நேரமாவது ஓடியாடி இருக்க வேண்டும். இதுதான் அதில் சொல்லியிருப்பது.

செல்போன் பேசும், ஆனால் பிள்ளை சொல்வதைக் கேட்காது. பிள்ளை ஒன்றைக் கை காட்டினால் நாம் அதன் பெயரைச் சொல்கிறோம். அது திருப்பிச் சொல்லும்வரை பொறுத்திருக்கிறோம். தப்பாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே சரியாகச் சொல்கிறோம். பேச்சு இப்படித்தான் வளரும். வீட்டுக்குள் பிள்ளை கை காட்ட என்ன இருக்கிறது? அடுப்பு, பாய், பீரோ. வெளியே போனால் பஸ், மாடு, பூக்காரம்மா, நிலா, எல்லாம் இருக்கிறது.

நம்ம மதுரைப் பக்கத்துக் குழு உறுப்பினர் ஒருவர் சொன்னதை அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். கல்யாணமாகி ஆறு வருஷம். மூன்றரை வயதில் ஒரு மகன். வீட்டுக்காரர் கொத்தனார் வேலை. வீட்டில் அதிகம் பேச மாட்டார். குழுவில் இதைப் பற்றிப் பேசிய பிறகு, ஒரு புதன்கிழமை அவர் சீக்கிரம் வந்த நாளில் இந்த அம்மா கேட்டிருக்கிறார்: "தெப்பக்குளம் வரைக்கும் போயிட்டு வருவமா?" "எதுக்கு?" என்றாராம். "சும்மாதான்." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டினாராம்.

டவுன் பஸ்ஸில் போனார்கள். 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது. 2022-இல் 5 வயது வரை குழந்தைகளுக்கும் அரசுப் பேருந்தில் டிக்கெட் வேண்டாம் என்று அறிவித்தார்கள். ஆக, மூன்று பேரில் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் டிக்கெட்!

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் நம்மில் பலர் பார்த்ததுதான். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய குளம். அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம் என்று சொல்வார்கள். மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கிற முக்குறுணிப் பிள்ளையார் இங்கே தோண்டும்போது கிடைத்தவர் என்பதும் நாம் கேட்ட கதைதான். தைப்பூசத்தன்று கூட்டத்தில் இடிபட்டுப் போகிறோம். சாதாரண நாளில் போனால் காற்று வாங்கலாம், பிள்ளையை நடக்க விடலாம்.

அவர்கள் கரையில் உட்கார்ந்தார்கள். சுண்டல் வாங்கினார்கள். அப்பா ஒவ்வொரு கடலையாக விரலால் நசுக்கி மகனுக்கு ஊட்டினார். நடுவில் இருக்கிற மண்டபத்தைக் காட்டி, "அது யாரு வீடு?" என்று பிள்ளை கேட்டான். அதற்கு அப்பா பேச ஆரம்பித்தாராம். சின்ன வயதில் தெப்பத் திருவிழாவுக்குத் தன் அப்பா தோளில் உட்கார்ந்து வந்தது, கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்தது, மற்றொரு செருப்பைத் தூக்கிப் போட மனசில்லாமல் கையில் பிடித்தபடியே வீடு வரை வந்தது. பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். "ஆறு வருஷத்துல இந்தக் கதைய நான் கேட்டதே இல்லக்கா" என்றார் அந்த அம்மா. எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். காலையில் வைத்த குழம்பு இருந்தது. தோசை ஊற்றிச் சாப்பிட்டார்கள். மாமியாருக்கு ஒரு பொட்டலம் சுண்டலைப் பேரனே கொண்டுபோய்க் கொடுத்தான். அன்றைக்கு அவர்களும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். பஸ் போக வர 20 ரூபாய். சுண்டல் இரண்டு பொட்டலம் 40. பருத்திப்பால் ஒன்று வாங்கி மூன்று பேரும் குடித்தது 20. மொத்தம் 80 ரூபாய். வீட்டு வரவு செலவு நோட்டில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று குழுவில் பெரிய விவாதமே நடந்தது. "வீண்செலவு" என்றார் ஒருவர். "பொழுதுபோக்கு" என்றார் இன்னொருவர். "அப்போ மாசா மாசம் செல்போனுக்கு ரீசார்ஜ் பண்றது எந்தத் தலைப்பு?" என்று ஒரு அக்கா கேட்டார். எல்லாரும் வாயடைத்துப் போனார்கள். கடைசியில் அந்த அம்மா "பிள்ளைக்கு" என்று எழுதினார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

போகும்போது கவனிக்க வேண்டியவை சில:

1. குளம், கண்மாய்க் கரையில் பிள்ளையின் கையை விடக்கூடாது. "நீ பார்த்துக்க, நான் பார்த்துக்கிறேன்" என்று இரண்டு பேருமே பார்க்காமல் விடுகிற நேரத்தில்தான் விபத்து நடக்கிறது.

2. முழுக் கடலை சின்னப் பிள்ளையின் தொண்டையில் அடைக்கும். நசுக்கிக் கொடுங்கள். ஓடும்போதும் சிரிக்கும்போதும் வாயில் போடாதீர்கள்.

3. பைக்கில் போனால் 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டும். 4 வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. 2022-இல் மத்திய அரசு வெளியிட்ட விதி இது.

4. கூட்டமான இடம் என்றால் பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள். பிள்ளை காணவில்லை என்றால் 1098-க்குக் கூப்பிடலாம்.

5. தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். 3, 4 வயதுப் பிள்ளைக்கு 10 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். மறுநாள் அங்கன்வாடி இருக்கிறது. அதனால் எட்டு, எட்டரைக்குள் திரும்பிவிடுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். நம் குழுக்களில் கணவரை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கணவர் வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சாயங்காலமானால் குடித்துவிட்டு வருகிறவரோடு எங்கே போவது என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது இல்லை என்று நினைக்க வேண்டாம். பிள்ளைக்கு வேண்டியது தன்னோடு பேசுகிற, தன் கையைப் பிடித்துக்கொள்கிற பெரியவர். அது அம்மாவாக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம், பக்கத்து வீட்டுச் சித்தியாக இருக்கலாம். குழுவில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடன் வாங்க மட்டும்தான் குழுவா என்ன?

மதுரைக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. நம்ம ஊர் கண்மாய்க் கரை, அரச மரத்து மேடை, பள்ளிக்கூட மைதானம் போதும். 80 ரூபாய் இல்லையென்றால் வீட்டில் கடலையை வறுத்துப் பொடித்து டப்பாவில் எடுத்துப் போகலாம். செல்போன் மட்டும் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் ஒரு சாயங்காலமாவது போய் வாருங்கள். திருவிழா வரட்டும், ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போய் வந்ததும் பிள்ளை கேட்ட ஒரு கேள்வியை மறக்காமல் வந்து சொல்லுங்கள். தவணை வசூலுக்கு முன்னால் அதற்கென்று பத்து நிமிடம் ஒதுக்கலாம் என்று ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.