தொட்டி நீர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்தில் கவிதையைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். என்னை அழைத்தபோது நம் செயலாளர், "நீங்கள் உங்கள் மீன்தொட்டியைப் பற்றியே பேசலாம்" என்றார். கேலியாகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா என்பது இன்னும் விளங்கவில்லை. மெய்யென்றே நான் எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு.

சென்ற ஆண்டு நம் மாலைக் கூட்டமொன்றில் நண்பர் ஒருவர் கவிதை படித்தார். கண்ணாடிச் சிறையில் ஒரு மீன். நான்கு சுவர்களையும் முட்டித் திரும்பும் அதன் நாள்கள். இறுதியில் ஒருவன் அதை அள்ளிச் சென்று ஆற்றில் விடுகிறான். நல்ல கவிதை. அனைவரும் கைதட்டினோம், நானும் தட்டினேன். பிறகு நடந்த உரையாடலில் நான் மட்டும் வாய் திறக்கவில்லை. மீன் வளர்ப்பவன் ஆதலால் மனம் நொந்துவிட்டேன் என்று நண்பர்கள் எண்ணினார்கள். அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன்.

1996-ஆம் ஆண்டில் முதல் தொட்டி வாங்கினேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஐம்பது லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும். சென்னையில் மீன் வளர்ப்போர் எல்லோருக்கும் கொளத்தூர்தான் காசி. சிமெண்டுத் தொட்டிகளிலும், தரையில் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்த தொட்டிகளிலும் கப்பியும் மோலியும் ஏஞ்சலும் வளர்த்துக் குடும்பம் நடத்துவோர் அந்தப் பக்கத்தில் ஏராளம். அங்கிருந்து ஆறு தங்கமீன்களைப் பாலித்தீன் பையில் சுமந்து பேருந்தில் வந்தேன். குழாய்நீரை நிரப்பினேன்; அன்று மாலையே மீன்களை விட்டேன். ஐந்தாம் நாள் அவை மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பாடுகின்றன என்று என் மகள் சொன்னாள். உண்மையில் அவை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன.

தண்ணீர் கெட்டுவிட்டது போலும் என்று, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். கூழாங்கற்களைப் பலமுறை அலசினேன். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் பிழிந்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, அப்படி ஒன்று இருப்பதே தெரியாதபடி செய்தேன். புதன்கிழமைக்குள் ஆறும் இறந்தன. குற்றம் கடைக்காரருடையது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. உண்ணாமல் விட்ட தீனி அழுகியும் அதே அம்மோனியா உண்டாகிறது. நீர் கண்ணுக்குப் பளிங்குபோல் இருக்கும். உள்ளே நஞ்சு ஏறிக்கொண்டிருக்கும். சில நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே, மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கி, உயிர்வளியைச் சுமக்கவொட்டாமல் செய்யும். வேறு சில நுண்ணுயிரிகள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகின்றன. சிறிய அளவில் அதை மீன் பொறுத்துக்கொள்ளும். இந்த இரு கூட்டமும் கல்லிலும் பஞ்சிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நானோ ஒரே நாளில் தொட்டி நிரப்பி மீன் விட்டவன்; குடியேறத் தொடங்கிய சிலவற்றையும் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவிக் கொன்றவன். அந்தப் பஞ்சைத் தொட்டி நீரிலேயே மெல்ல அலசியிருக்க வேண்டும். அழுக்கு என்று நான் பிழிந்தெறிந்ததுதான் அந்த ஆறு உயிர்களையும் தாங்கியிருக்கக் கூடியது.

1850-ஆம் ஆண்டளவில் இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் ஒரு கலத்தில் இரண்டு தங்கமீன்களையும், வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும், சில நத்தைகளையும் வைத்து, ஒன்றையொன்று தாங்கி வாழ்வதைக் காட்டினார். நம்மில் யாரும் மீனை மட்டும் வளர்ப்பதில்லை. நீரை வளர்க்கிறோம், மீன் அதில் இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள எனக்கு நான்கு தொட்டி மீன்கள் செத்தன.

கவிஞர்கள் நிறைந்த அவையில் இரண்டொரு செய்திகளைச் சொல்லாமல் போக மனமில்லை. கயல்விழி என்று எழுதிக்கொண்டே இருக்கிறோம். நாம் வளர்க்கும் இந்த மீன்களுக்கு இமை கிடையாது. அழகுக்காக இரவெல்லாம் விளக்கெரிய விடும் வீடுகளில் அவற்றுக்கு ஓய்வு ஏது? தாய்மையைப் பாடுவோர் கப்பியைச் சற்றே பார்க்க வேண்டும். முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும் அந்தத் தாய், பக்கத்தில் செடி அடர்த்தி இல்லையென்றால், தான் ஈன்றதையே துரத்தித் தின்னும். ஃபைட்டர் என்று சீசாவில் அடைத்து விற்கிறார்களே, அந்தச் சண்டை மீனில் குடும்பம் காப்பது ஆண். நீரின் மேல் நுரைக்கூடு கட்டி, நழுவி விழும் ஒவ்வொரு முட்டையையும் வாயால் கவ்வி மீண்டும் கூட்டில் சேர்க்கும். காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு; நம் ஏரிகளின் பனையேறிக் கெண்டைக்கும் உண்டு. அதனால்தான் சீசாவிலும் சாகாமல் கிடக்கிறது. சாகாமல் கிடப்பதை வாழ்வதென்று கொண்டுவிடக் கூடாது. இந்த இடத்தில் நண்பரின் கவிதையோடு எனக்குப் பிணக்கே இல்லை.

2019-ஆம் ஆண்டுக் கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறத்தாழ வறண்டுபோயின. எங்கள் தெருவில் லாரிக்கு முன் குடங்கள் வரிசையில் நின்றன. அப்போது என்னிடம் மூன்றடித் தொட்டி இருந்தது. கால்பங்கு நீர் மாற்ற வாரம் மூன்று குடம் வேண்டும். "மனுஷருக்கே அளந்து ஊத்தறோம், உங்க மீனுக்கு மூணு குடமா?" என்று துணைவியார் கேட்டார். விடை சொல்ல என்னால் முடியவில்லை. தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன். பாதி மீன்களை நீர் வசதியுள்ள நண்பருக்குக் கொடுத்தேன். வாரம் ஒரு குடத்தோடு நிறுத்தி, எடுத்த பழைய நீரைத் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றினேன். அந்த ஆண்டு தெருவிலேயே பச்சையாக நின்றது எங்கள் கறிவேப்பிலைதான், நைட்ரேட்டு உரமல்லவா? துணைவியார் அதை ஒப்புக்கொண்டார். கேட்ட கேள்வியைத் திரும்பப் பெறவில்லை. பெறவும் வேண்டியதில்லை.

இனி, நான் சொல்ல வந்தது.

2009-ஆம் ஆண்டில் என் தொட்டியில் ஒரு சக்கர் மீன் இருந்தது. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்னும்; 'டேங்க் கிளீனர்' என்று இரண்டங்குலக் குஞ்சாக விற்பார்கள். தென்னமெரிக்க ஆறுகளின் மீன் அது. ஓரடியும் தாண்டி வளரும் என்று வாங்கும்போது நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வளர்ந்தது. திரும்ப இடமில்லாமல் வாலை மடித்துக் கிடந்தது. ஒரு விடியற்காலையில் வாளியில் எடுத்துச் சென்று ஓர் ஏரியில் விட்டேன். நீரைக் கலக்கிக்கொண்டு அது மறைந்த கணத்தில் எனக்குக் கண்கள் கலங்கின. வீட்டுக்கு வந்து ஒரு கவிதை எழுதினேன். இதழில் வெளிவந்தது, நம் வட்டத்தில் சிலர் இன்றும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அதே ஏரிக்கரையில் ஒரு முதியவர் வீச்சுவலை இழுத்துக்கொண்டிருந்தார். வலையில் கெண்டை நான்கைந்து. எஞ்சியதெல்லாம் கரிய, முள் செதில் போர்த்த சக்கர் மீன்கள். துடுப்பு முள்ளில் சிக்கிய கண்ணிகளைக் கத்தியால் அறுத்து, அவற்றைக் கரையில் எறிந்துகொண்டிருந்தார். வெயிலில் வெகுநேரம் சாகாமல் கிடந்தன.

"இது ஏரி மீனில்லைங்க. எவனோ வீட்டுத் தொட்டியில வச்சிருந்து கொண்டாந்து விட்டுட்டான். விக்கவும் விக்காது, வலையும் போச்சு" என்றார்.

தமிழகம், கேரளம், ஆந்திரம் என்று பல மாநில நீர்நிலைகளில் இன்று இம்மீன் பரவியிருக்கிறது. கரையில் வளை தோண்டி முட்டையிடும். உயிர்வளி குறைந்த சாக்கடை நீரிலும் காற்றை விழுங்கிப் பிழைக்கும். நான் விட்டது ஒன்றுதான், ஒற்றை மீன் பெருகாது என்று அன்று எனக்கு நானே வாதாடினேன். ஆனால் அந்த வட்டாரத்தில் என்னைப்போல் கருணையுள்ளவர்கள் பலர் இருந்திருக்க வேண்டுமே. முதியவரிடம் அது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. வலைக்கு ஏதேனும் கொடுக்கலாம் என்று சட்டைப் பையில் கைவைத்தேன். எதற்கென்று கேட்பாரே என்று எடுத்துவிட்டேன்.

பிறகு என் தொகுப்பு வந்தபோது அந்தக் கவிதையைச் சேர்க்கவில்லை. ஏனென்று கேட்ட நண்பர்களுக்கு, நடை பிடிக்கவில்லை என்றேன். பொய். நடை நன்றாகத்தான் இருந்தது.

சென்ற ஆண்டு நண்பரின் கவிதைக்குக் கைதட்டியபோது இவ்வளவும் என் கைகளில் இருந்தது. அந்த மீன் எந்த மீன், அந்த ஆறு எந்த ஆறு என்று கவிதை கேட்கவில்லை. என் கவிதையும் கேட்கவில்லை. வளர்க்க முடியாத மீனைக் கொளத்தூர்க் கடைகள் சில திரும்ப வாங்கிக்கொள்கின்றன. பெரிய தொட்டி உள்ளவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வாங்கும்போதே எவ்வளவு வளரும் என்று கேட்கலாம். இதிலெல்லாம் கண்கலங்க ஒன்றுமில்லை. கவிதையாகுமா என்றும் தெரியாது.

நண்பர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். நாளை ஞாயிறு, நீர் மாற்றும் நாள். மூன்று குடம் நேற்றே பிடித்துக் குளோரின் போக மொட்டைமாடியில் திறந்து வைத்திருக்கிறேன். அவர் காலை எட்டு மணிக்கு வந்தால் ஒரு குடம் தூக்கலாம்; துணைவியார் காப்பி தருவார்.