இடிபாடும் செல்வமே: கட்டுமானத் துறையினருக்கு வேண்டிய பயிற்சி
(பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரை)

ஒரு கட்டடம் இடிக்கப்படும்பொழுது எஞ்சுவது வெறும் குப்பையன்று. செங்கல்லைச் சுட்ட எரிபொருள், சிமெண்டுக்காக வெட்டிய சுண்ணாம்புக்கல், ஆற்றில் அள்ளிய மணல் யாவும் அதில் அடங்கியுள்ளன. அதனை ஏரியில் கொட்டும்பொழுது இழப்பு இருமடங்காகிறது. பொருளும் வீணாகிறது, நீர்நிலையும் தூர்கிறது.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. டெல்லியின் புராரியில் 2009ஆம் ஆண்டிலேயே இடிபாடுகளைப் பதப்படுத்தும் ஆலை தோன்றியது. 2016இல் மத்திய அரசு தனி விதிகளை வகுத்தது. அதே ஆண்டில் திருத்தப்பெற்ற இந்தியத் தர அளவை 383, சாதாரணக் கான்கிரீட்டின் பருஞ்சல்லியில் 25 விழுக்காடும், எம்-25 தரம் வரையுள்ள வலுவூட்டிய கான்கிரீட்டில் 20 விழுக்காடும் பழைய கான்கிரீட்டை உடைத்துப் பெற்ற சல்லியாக இருக்கலாம் என அனுமதித்தது. 2025இல் மேலும் விரிவான விதிகள் அறிவிக்கப்பட்டன.

ஆயினும் விதி தானாகச் சுவர் எழுப்புவதில்லை. மதிப்பீடு தயாரிக்கும் இளநிலைப் பொறியாளர், விலைப்பட்டியலில் இல்லாத பொருளைச் சேர்த்தால் தணிக்கையில் ஆட்சேபம் எழுமோ என அஞ்சுகிறார். ஆகவே முதற்பயிற்சி அவருக்கே தேவை: தர அளவையைப் படிக்கவும், ஒப்பந்த நிபந்தனையில் அதனைச் சேர்க்கவும் அவர் அறிதல் வேண்டும்.

அடுத்தவர் கட்டடக் கலைஞர். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல்லைப் பெரும்பாலும் முழுதாகப் பெயர்த்தெடுக்கலாம். வலுவான சிமெண்டுச் சாந்தில் கட்டியது உடைந்துபோகும். எனவே கட்டும்பொழுதே பிரிப்பதையும் எண்ணுதல் வேண்டும்.

மூன்றாமவர் கொத்தனார். பழைய சல்லியில் ஒட்டியுள்ள சாந்து நீரை மிகுதியாக உறிஞ்சும். முன்கூட்டி நனைக்காவிடில் கலவை இறுகிவிடும். அதனைத் தளர்த்த அளவின்றி நீர் சேர்த்தால் வலிமை குன்றும். பழி பொருளின்மீது விழும், குறையோ பயிற்சியின்மையே.

கேரளத்தில், கொல்லத்தில் 1980களில் உருவான நிர்மிதி மையம் சிக்கனக் கட்டுமான முறைகளைப் பணியிடத்திலேயே தொழிலாளருக்குக் கற்பித்தது. பின்னர் ஹட்கோவின் ஆதரவுடன் பல மாநிலங்களில் கட்டட மையங்கள் எழுந்தன. அந்த அனுபவம் ஒன்றை உணர்த்துகிறது: கொத்தனாரின் பள்ளிக்கூடம் சாரத்தின்மீதே உள்ளது.

நாட்கூலி பெறுபவருக்குப் பயிற்சி நாள் என்பது கூலியை இழக்கும் நாள். அக்கூலியும் திட்டச் செலவில் இடம்பெற வேண்டும். சான்றிதழ் மட்டும் அடுப்பை எரிக்காது. இதனை மறந்த பயிற்சித் திட்டம் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.