நொண்டிச்சாட்டுகளை விட்டொழிப்போம்



  

தீய பழக்கம் மனிதனிடம் தனித்து வந்து குடியேறுவதில்லை. ஒரு நொண்டிச்சாட்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டே வருகிறது. புகைத்தலை எடுத்துக்கொள்வோம். "ஹராம் அல்லவே, மக்ரூஹ் தானே!" என்பார் ஒருவர். "நாளொன்றுக்கு இரண்டு மூன்றுதானே!" என்பார் மற்றொருவர். "விட நினைக்கிறேன், முடியவில்லையே!" என்பார் இன்னொருவர்.

இப்பழக்கத்தை ஒழிக்க முற்கால மன்னர்கள் விசித்திரமான சட்டங்களையெல்லாம் இயற்றினார்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604ஆம் ஆண்டில் புகையிலையைக் கண்டித்துத் தாமே ஒரு நூல் எழுதினார். இறாத்தலுக்கு 2 பென்ஸாக இருந்த தீர்வையை 6 ஷில்லிங் 10 பென்ஸாக உயர்த்தினார். ருஷ்யாவின் 1649ஆம் ஆண்டுச் சட்டக்கோவை, திரும்பத் திரும்பப் பிடிபட்டோரின் மூக்கை அறுக்கும்படி விதித்தது. உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் புகைத்தலைத் தடைசெய்து, மீறியோருக்கு மரண தண்டனையே விதித்தார்.

விளைந்தது என்ன? ருஷ்யாவில் 1697இல் பேரரசர் பீட்டர் புகையிலை விற்பனைக்கு அனுமதியளித்தார். சுல்தானின் படையிலே நிகழ்ந்ததை, 'கஷ்புல் ளுனூன்' ஆசிரியர் ஹாஜி கலீபா பதிந்து வைத்துள்ளார். புகைத்த குற்றத்திற்காகத் தோழர்கள் கொல்லப்படும் வேளையிலும், சில வீரர்கள் சட்டைக் கையினுள் குறுங்குழாயை ஒளித்துவைத்துப் புகைத்தார்களாம்!

சகோதரர்களே! சட்டம் சட்டைக் கையைச் சோதிக்கலாம். உள்ளத்தில் ஒளிந்திருக்கும் சாட்டை எவ்வாறு சோதிக்கும்? அதனை நாமேதான் வெளியே எடுத்துப் போடவேண்டும்.

"மக்ரூஹ் தானே" என்போர் சிந்திக்கட்டும். முற்கால உலமாக்கள் கருத்து வேறுபட்டபோது, இன்று நாம் அறிந்துள்ள தீங்குகள் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. 1964இல் அமெரிக்க அரசின் வைத்திய அறிக்கை, புகைத்தல் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறது என உறுதிப்படுத்தியது. இன்று புகையிலையினால் உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் அதிகமானோர் மரணிக்கின்றனர். அவர்களுள் பிறர் விட்ட புகையைச் சுவாசித்தே இறப்போர் 10 இலட்சத்துக்கும் அதிகம். "என் உடம்பு, என் பணம்" என்ற சாட்டும் இங்கே வீழ்ந்துவிடுகிறது. அப்புகையைச் சுவாசிப்பது அருகில் உறங்கும் உங்கள் குழந்தையல்லவா?

பெற்றார்களே! நமது நாட்டின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தோருக்குச் சிகரட் விற்பதைத் தடைசெய்கிறது. ஆனால், "மகன், கடைக்குப் போய் வாப்பாவுக்கு ஒன்று வாங்கி வாங்க" என்று அனுப்பும் தந்தை, அந்த வேலியை வீட்டுக்குள்ளிருந்தே பிடுங்கி எறிகிறார். மகன் சிகரட்டை மட்டுமா வாங்கி வருகிறான்? தந்தையின் சாட்டையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறான்.

இறுதியாக, "முடியவில்லையே" என்போருக்கு ஒரு வார்த்தை. ரமழானிலே ஏறத்தாழ 13 மணித்தியாலங்கள் சிகரட்டைத் தொடாது இருக்கிறீர்கள். தனியறையிலும் தொடுவதில்லை. அங்கே காவலரும் இல்லை, சுல்தானின் வாளும் இல்லை. அல்லாஹ் பார்க்கிறான் என்ற உணர்வு மட்டுமே உங்களைத் தடுக்கிறது. அந்த உணர்வை இப்தாருடன் ஏன் கழற்றி வைக்கிறீர்கள்? மஃரிபுக்குப் பின் ஒரு மணித்தியாலம் கூட்டுங்கள், நாளை இரண்டாக்குங்கள். தேவையெனில் வைத்தியரின் ஆலோசனையையும் நாடுங்கள்.

நம் பிழைகளுக்குச் சாட்டுத் தேடாது, அவற்றைத் திருத்திக்கொள்ளும் நற்பாக்கியத்தை வல்லவன் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.