வினவலை ஒருமுறை எழுதுவோம்

சிங்கப்பூரில் பொருள், சேவை வரி 2023 ஜனவரியில் 8 விழுக்காடாகவும், 2024 ஜனவரியில் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. கடைக்கான மென்பொருளில் ரசீது, மாத அறிக்கை, வரிப் படிவம் என ஒவ்வோர் இடத்திலும் வரியைத் தனித்தனியே கணக்கிட எழுதியவர்கள் அத்தனையையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தாலும் வாடிக்கையாளரின் ரசீதும் கடையின் கணக்கும் முரண்படும். பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்.

இதற்கு வழி உண்டு. விற்ற தேதிக்குரிய விகிதத்தைப் பார்த்து வரியைக் கணக்கிடும் வினவலை ஒருமுறை எழுதி, பெயரிட்டுத் தரவுத்தளத்திலேயே வைத்துவிடுங்கள். இதை 'வியூ' என்பார்கள். எல்லாப் பக்கங்களும் அதையே பயன்படுத்தட்டும். விகிதம் மாறும்போது அட்டவணையில் ஒரு பதிவைச் சேர்த்தால் போதும். பழைய ரசீதுகளும் மாறாது. நிரல் எழுதும் இளையர்களே, வெட்டி ஒட்டும் பழக்கத்தை விடுங்கள்.