மலையிலிருந்து இறங்கும்போது
(தவக்காலம் இரண்டாம் ஞாயிறு: வானொலி மறையுரை)



பொங்கல் விடுமுறையில் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றோடு ஏற்காட்டுக்குத் தியானத்துக்குப் போயிருந்தோம். மூன்று நாள். நெல்வயலும் கரும்பும் பார்த்துப் பழகிய எங்களுக்கு, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காப்பித் தோட்டமும் விடியற்காலைப் பனியும் வேறு உலகமாக இருந்தன. நான்காம் நாள் காலை பஸ் ஏறினோம். சேலத்துக்கு இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு குளிர் குறைந்தது. பஸ்ஸில் பாட்டும் குறைந்தது.

பின் இருக்கையில் ஓர் அம்மா அழுதுகொண்டு வந்தார். அவருடைய கணவர் பக்கவாதம் வந்து ஆறு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். தங்கையைத் துணைக்கு வைத்துவிட்டு வந்திருந்தார். "சாமி, மூணு ராத்திரி நிம்மதியா தூங்கினேன். இப்ப வீட்டுக்குப் போக மனசு வரல. அவர நெனச்சா போகாமலும் இருக்க முடியல. இப்படி நெனைக்கிறது பாவமா?" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல எங்களால் முடியவில்லை.

இன்றைய நற்செய்தியில் பேதுருவுக்கும் மலையை விட்டு இறங்க மனமில்லை. மூன்று கூடாரம் போடலாம் என்கிறார். அந்த ஆசைக்காக இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் கீழே ஒரு தகப்பன், நோயுற்ற மகனோடு காத்திருந்தார். இயேசு சீடர்களை மட்டும் இறக்கி அனுப்பவில்லை. அவர்களோடு தாமும் இறங்கினார்.

லூர்து நகரும் பிரெனே மலையடிவாரத்துச் சிற்றூர்தான். அங்கே 1858-ல் அன்னையை 18 முறை கண்ட பெர்னதெத், 1866 ஜூலையில், தம் 22-ஆம் வயதில், நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்துக்குப் புறப்பட்டார். தாமே விரும்பி எடுத்த முடிவு. என்றாலும் கெபியைப் பிரிவது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. மடத்தில் நோயாளிகளைக் கவனித்தார். பிறகு தாமே நோயாளியானார். 1879-ல் இறக்கும்வரை அந்தக் கெபியை மீண்டும் பார்க்கவேயில்லை.

நம் வில்லியனூருக்கு லூர்து அன்னையின் சுரூபம் வந்தது 1877-ல். அப்போது பெர்னதெத் உயிரோடு இருந்தார். அவர் மலையூருக்குத் திரும்பவில்லை. அன்னையோ நம் சமவெளிக்கு வந்துவிட்டார்.

ஆகவே அந்த அம்மாவுக்கு இன்று சொல்கிறோம்: பாவமில்லை அம்மா. ஓய்வை விரும்புகிற மனமும், கணவரிடம் திரும்புகிற கால்களும் இரண்டுமே கடவுள் தந்தவை.

மற்ற நமக்கும் ஒரு சொல். படுக்கையில் கிடப்பவரைப் பற்றி விசாரிக்கிறோம். பார்த்துக்கொள்பவர் தூங்கினாரா என்று கேட்பதில்லை. உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்கும். இந்தத் தவக்காலத்தில் வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், அந்தக் கட்டிலருகே நீங்கள் உட்காருங்கள். அந்த வீட்டுக்காரர் சற்றுக் கண்ணயரட்டும். மலைக்குப் போக முடியாதவருக்கு அதுவே மலை.

செபிப்போமாக. ஆண்டவரே, மலையிலும் எங்களோடு இருந்தீர்; இறங்கும் பாதையிலும் உடன் வாரும். தளர்ந்த கைகளைத் தாங்கும். ஆமென்.