ஆகாரமும் ஔஷதமும்



சமண அறம் போற்றும் நால்வகைத் தானங்களுள் ஆகாரமும் ஔஷதமும் இணைந்து நிற்பன. சமணப் புலவர் கணிமேதாவியார் தம் அறநூலுக்கு 'ஏலாதி' என மருந்தின் பெயரையே சூட்டினார். ஏலம் ஒரு பங்கில் தொடங்கிச் சுக்கு ஆறு பங்கில் முடிவது அம்மருந்து. அங்கே பொருளோடு பொருள் பொருந்த வேண்டும். உண்ணும் உணவோடு மருந்து பொருந்துவதும் அத்துணை இன்றியமையாதது.

இதற்கு நீரிழிவு தக்க சான்று. அந்நோய்க்குப் பெரிதும் வழங்கப்படும் மெட்ஃபார்மின் பயன்மிக்க மருந்து. ஆயினும் பல்லாண்டுகள் உட்கொள்வோர் சிலர்க்கு, உணவிலுள்ள வைட்டமின் பி12 சிறுகுடலில் உறிஞ்சப்படுவதை அது குறைக்கிறது. தாவர உணவில் பி12 இல்லை. புலால் மறுத்தோர்க்கு அதனை இயல்பாகத் தருவன பாலும் பாற்பொருள்களுமே. சிறிதாக வரும் அச்சத்தும் உடலிற் சேராது போனால் குறை நேர்வது இயல்பு.

கல்லீரலில் இருப்பு உள்ளமையால் அக்குறை உடனே தோன்றாது. ஆண்டுகள் கழிந்தபின் பாதங்களில் மதமதப்பும் எரிச்சலும், உடற்சோர்வும், மறதியும் தலைகாட்டும். சர்க்கரையால் வந்தது என்றும் முதுமையால் வந்தது என்றும் எண்ணிப் பலர் வாளாவிருப்பர். காலம் தாழ்த்தினால் நரம்புகளின் சேதம் மீளாமலும் போகலாம். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தாமே வாங்கி உண்பதும் இடரே. அது சோகையைச் சீராக்கிக் குறையை மறைத்துவிடும். நரம்பின் நலிவோ உள்ளே தொடரும்.

இரத்தப் பரிசோதனையால் இக்குறையை அறியலாம். மாத்திரையாலோ ஊசியாலோ ஈடுசெய்யலாம். மருந்துக்கான பி12 விலங்குகளிடமிருந்து அன்றி, நுண்ணுயிர் நொதித்தலால் ஆக்கப்படுகிறது. கேப்சூல்களின் மேற்கூடு மட்டும் பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனது. எனவே மாத்திரையாகக் கேட்டுப் பெறுவது நன்று.

அட்டமி, சதுர்த்தசி, தசலட்சண பர்வம் ஆகிய நாட்களில் உபவாசம் இருப்போர் மற்றொன்றும் கருதுக. வெறும் வயிற்றில் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ வழக்கமான அளவில் கொண்டால், சர்க்கரை பேரிடர் தரும் அளவுக்குத் தாழக்கூடும். மருந்தைத் தாமே நிறுத்துவதும் தீங்கு. நோன்புக்கு முன்னரே மருத்துவரிடம் அளவும் வேளையும் கேட்டறிதல் வேண்டும்.

புலால் உண்ணாமை, அந்திக்கு முன் உண்ணல், உபவாச நாட்கள் ஆகிய மூன்றையும் மருத்துவர் கேளாவிடினும் எடுத்துரைக்க. உயிர்க்கு ஊறு செய்யாமை என்னும் அறம் தன்னுயிரையும் உள்ளிட்டதே.